புரட்டாசிக்கு ஆகாத மாத்திரை

கேப்சூலின் தோலை மாட்டெலும்பில் செய்கிறார்கள் என்று பரிபூரணத்துக்கு யார் சொன்னார்களோ தெரியாது. சொன்னது முழுப் பொய்யும் இல்லை. மருந்துக் கடைக்காரரைக் கேட்டபோது அவரும் தலையைச் சொறிந்துகொண்டு, ஏதோ எலும்பிலிருந்துதான் எடுக்கிறார்கள், எந்த எலும்பு என்று அட்டையில் போடுவதில்லை என்றார். பரிபூரணத்துக்கு அது போதாதா? போன வருடம் புரட்டாசி பிறந்த அன்று காலையில் ராஜபாளையத்திலிருந்து காரைப் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தாள். தம்பி பெண்டாட்டி விஜியின் மாத்திரை அட்டைகளை ஒன்று விடாமல் எடுத்துத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். கறிச்சட்டியையும் மீன்சட்டியையும் கழுவிப் பரணில் கவிழ்த்து வைப்பதுபோல அவளுக்கு இதுவும் ஒரு வேலை.

“மாசம் முடியவும் நானே கொண்டாந்து தாரேன். பெருமாளுக்கு மாலை போட்ட வீட்டுல மாட்டெலும்ப முழுங்கிட்டு மலைக்கு ஏறுவியா?” என்று கேட்டாள்.

அந்த மாத்திரை விஜிக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு ஏழாம் மாதத்தில் ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. அழாமலே போய்விட்டது. அதற்கப்புறம் விஜி சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாள். குளிக்கப் போனால் வாளி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். மூத்தவள் கார்த்திகா பள்ளிக்கூடத்துக்குத் தானே ஜடை பின்னிக்கொண்டு, கோணல் வகிட்டோடு போய் வந்தாள். மதுரையிலிருந்து வியாழக்கிழமைதோறும் ராஜபாளையத்துக்கு வரும் மனநல டாக்டர் ஜோயல்தான் அந்தக் கேப்சூலைக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் விஜி பழையபடி தேறிவிட்டாள். அவள் தேறியது எல்லோருக்கும் தெரிந்தது. எதனால் தேறினாள் என்பதைத்தான் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

விஜியின் புருஷன் வைகுண்டராஜ் அக்காவின் பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசர்; விஜிக்கும் அங்கேதான் பேக்கிங் வேலை. சத்திரப்பட்டி ரோட்டில் நாற்பது தறி ஓடும் கம்பெனி. சோறு அங்கிருந்து வந்தது. அதனால் சொல்லும் அங்கிருந்தே வந்தது. “ஒரு மாசம்தான, சாமிக்காண்டி இருந்துதான் பாரேன்” என்றான் அவன். விஜியையும் முழுக்கக் குற்றம் சொல்லாமல் விட முடியாது. பெருமாளுக்கு ஏதோ குறை வைத்துத்தான் பிள்ளை போய்விட்டதோ என்ற பயம் அவளுக்கும் ஒரு மூலையில் இருந்தது. சரி என்றாள்.

நாலாம் நாள் ஆரம்பித்தது. தலையைத் திருப்பினால் உள்ளே ஒரு வெட்டு. கம்பெனியில் தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் கண்ணைச் சிமிட்டினால் நாற்பது தறியும் ஒரு நொடி செத்துப் பிழைக்குமே, அந்த மாதிரி. பிறகு வேர்வை. பிறகு, காரணமே இல்லாமல் ஒரு அழுகை. அழுகை ஓயும்போது கோபம். சோறு குழைந்துவிட்டது என்று சட்டியைத் தூக்கிக் கிணற்றடியில் எறிந்தாள். மைனிக்குப் போன் பண்ணி மாத்திரையைக் கொடுத்துவிடச் சொன்னாள். புருஷனின் அக்காவை அவள் மைனி என்றுதான் கூப்பிடுவாள். “அது பேய் எறங்குற நேரம், அப்பிடித்தான் ஆட்டும், பல்லக் கடிச்சுட்டு இரு” என்றாள் மைனி. மெடிக்கலில் போய்த் தானே வாங்கலாம் என்றால் மருந்துச் சீட்டும் அந்தக் கைப்பைக்குள்தான் இருந்தது.

மூன்றாம் சனிக்கிழமை எல்லோருமாகத் திருவண்ணாமலைக்குப் போனார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய மலைக்கோயில் அது. பெருமாள் நின்ற கோலத்தில் இருப்பார். படியில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். கார்த்திகா பாதிப் படியில் நின்று ஐஸ் கேட்டாள். மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது விஜியின் தலைக்குள் அந்த வெட்டு விழுந்தது. கை தானாக ஓங்கியது. அறை வாங்கிய பிள்ளை நாலு படி உருண்டது. புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம் கொட்டியது. பரிபூரணத்தின் காரில் எப்போதும் அவள் கம்பெனி பேண்டேஜ் கிடக்கும். பிள்ளையைக் கீழே தூக்கி வந்து அதை எடுத்துச் சுற்றிக்கொண்டே, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேட்கும்படி சொன்னாள்: “இவகிட்ட இனி பிள்ளைய விட்டா கொன்னுபோடுவா. அடுத்த புரட்டாசிக்குள்ள மாத்திர இல்லாம இருக்க முடியுதுன்னு காட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போகட்டும். அதுவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்.”

பரிபூரணத்துக்குப் பிள்ளை இல்லை. புருஷனும் இறந்து அஞ்சு வருடமாகிறது. பெரிய வீட்டில் அவளும் இரண்டு ராஜபாளையம் நாயும்தான். கார்த்திகா அன்றைக்கே அங்கே போனாள்; அரையாண்டுப் பரீட்சைக்குள் பள்ளிக்கூடமும் மாறிவிட்டது. வைகுண்டராஜும் வாரத்தில் நாலு நாள் வேலைச் சாக்கில் அங்கேயே தங்கினான். விஜி ஞாயிற்றுக்கிழமை போனால் பிள்ளை கதவுப் பக்கத்திலேயே நிற்கும். தொட்டுத் தூக்கக் கை நீட்டினால் கண்ணைச் சுருக்கும். அந்தக் கண் சுருக்கம் விஜிக்குச் செருப்படியாக இருந்தது.

ஐப்பசியில் டாக்டர் ஜோயல் பழைய அளவுக்கே மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார். தை மாதம், இனி விடவேண்டும் என்று விஜி போய் உட்கார்ந்தாள். அடுத்த புரட்டாசிக்குள் விட்டாக வேண்டும் என்றாள். விடலாம், ஆனால் உங்கள் மைனி குறித்த தேதிக்கு உங்கள் மூளை கட்டுப்படாது என்றார் அவர். கேப்சூலைத் திறந்து காட்டினார். உள்ளே கசகசா மாதிரி வெள்ளைக் குருணை. எத்தனையை எடுத்துவிட்டு மீதியை எப்படிச் சாப்பிடுவது என்று மாதாமாதம் அவரே சொல்வாராம். அவராகக் குறைக்கச் சொல்லாமல் ஒரு குருணையைக்கூடத் தொடக் கூடாது. ஒரு வாய்ச் சோற்றில் வைத்து மெல்லாமல் முழுங்கிவிட வேண்டும்.

விஜி கேட்டாள்: “அப்ப இந்தத் தோல் இல்லாமலே சாப்பிடலாமா சார்?”

டாக்டர் பதில் சொல்லுமுன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் பெண் தலை நிமிர்ந்தது. அந்தப் பெண் வருகிற போன் எல்லாவற்றையும் எழுதி வைக்கும். “அதத்தான போன புரட்டாசியிலயே சொன்னேன். ஒங்க மைனின்னு சொல்லி ஒருத்தவுங்க போன் பண்ணாங்க. தோல் அசைவமான்னு கேட்டாங்க. அந்த மாதிரி யாரும் கேட்டதில்ல, அதான் ஞாபகம் இருக்கு. திடீர்னு நிறுத்தவே கூடாது, தோல மட்டும் எடுத்துட்டு சோத்துல வச்சுக் குடுங்கன்னு சொன்னேனே.” பக்கத்தைப் புரட்டித் தேதியையும் காட்டியது. தமிழுக்குப் புரட்டாசி மூணு.

விஜி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் மூன்று போய்விட்டது, அவள் ஏறவில்லை. மைனிக்குத் தெரியாமல் நடந்தது என்று நாலு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். சாமி பயத்தில், பட்டிக்காட்டுப் புத்தியில் செய்துவிட்டாள் என்று மன்னிக்கக்கூடப் பார்த்தாள். தெரிந்தே செய்திருக்கிறாள். மூணாம் தேதி கேட்டுத் தெரிந்துகொண்டு, மூன்றாம் சனிக்கிழமை வரை பேசாமல் இருந்திருக்கிறாள். அன்றைக்கு விஜியின் நெஞ்சில் ஒரு வன்மம் வந்து உட்கார்ந்தது. அதற்கப்புறம் அவளுக்குச் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. வன்மத்துக்கு அப்படியும் ஒரு நல்ல குணம் உண்டு என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அவள் பேண்டேஜ் கம்பெனி பேக்கிங் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். மைனியின் நிழலில் இனி ஒரு ரோல்கூடச் சுற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையின் பின்கட்டில் அடுப்பு வேலைக்குச் சேர்ந்தாள். காலை ஆறு மணிக்குப் பால் கேன் வந்து இறங்கும். முந்திரிக்கொட்டை உடைத்த தோட்டை அள்ளிப் போட்டு அடுப்பைப் பிடிக்க வேண்டும். அது எரியும்போது ஒரு காரப் புகை வரும். கண்ணும் தொண்டையும் பழக ஒரு வாரம் ஆகும். வாணலியில் பாலைக் கொட்டிச் சீனியைப் போட்டுவிட்டால் அப்புறம் துடுப்பை விட்டுக் கையெடுக்க முடியாது. நின்றால் அடிபிடித்துவிடும். பால் சுண்டி, நிறம் திரும்பி, துடுப்பில் ஒட்டாமல் சுருளும்வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். விஜிக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கிண்டக் கிண்ட மைனியை நினைக்க வசதியாக இருந்தது.

பக்கத்து அடுப்பு குருவம்மாளுடையது. அவளுக்கு ஐம்பது வயதிருக்கும்; சுந்தரபாண்டியத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். யார் சண்டையையும் தன் சண்டையாக எடுத்துக்கொள்ளும் ஆள். விஜியின் கதையைக் கேட்ட அன்றைக்கே அவள் கட்சி சேர்ந்துவிட்டாள். ஒரு கிலோ பால்கோவாவில் பேதி மருந்தைக் கலந்து மைனிக்கு அனுப்பலாம் என்பது அவளுடைய முதல் யோசனை. கார் டயரில் ஆணி அடிப்பது இரண்டாவது. இரண்டு நாயையும் அவிழ்த்துவிட்டு விடுவது மூன்றாவது. விஜி துடுப்பைப் போட்டுக்கொண்டே ஒவ்வொன்றையும் நடத்திப் பார்ப்பாள். எதுவும் பத்தவில்லை. அவளுக்கு வேண்டியது வேறு. இதே சொந்தக்காரர்கள் முன்னால், இதே புரட்டாசியில் போய் நிற்க வேண்டும். மாத்திரையை விட்டாச்சு மைனி, பிள்ளையைக் கொடுங்க என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு அந்த நோட்டுப் புத்தகத் தேதியைச் சொல்ல வேண்டும்.

தினமும் காலை டிபனுக்கு முன் ஒரு எவர்சில்வர் தட்டில் கேப்சூலைத் திறப்பாள். டாக்டர் சொன்ன எண்ணிக்கையை ஊக்கு முனையால் ஒதுக்கிவிட்டு, மீதியை ஒரு வாய் இட்லியில் வைத்து முழுங்குவாள். மாதம் ஒரு தடவை குறைப்பு. குறைத்த வாரம் தலைக்குள் வெட்டு விழும். கனவில் படிக்கட்டு வரும். பத்து நாளில் தணியும். குருவம்மாள் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். “செத்த உக்காரு, நான் ரெண்டு வாணலியும் பாத்துக்கிடுதேன்” என்று இரண்டு துடுப்பையும் இரண்டு கையில் பிடித்துக்கொள்வாள்.

ஆடியில் மேற்கே மலையில் சாரல் பிடித்தது. ஆண்டாள் கோயில் தேருக்கு வந்த கூட்டத்தில் பால்கோவா அடுப்புகளுக்கு ஓய்வில்லை. விஜி தட்டைப் பார்த்தாள். குருணை இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. இந்தக் கணக்குக்குப் போனால் தீபாவளி தாண்டிவிடும். மைனி சிரிப்பது காதில் கேட்டது. டாக்டர் சொன்னதை அன்றைக்கு அவள் மீறினாள். ஒரேயடியாக முக்கால்வாசியை ஒதுக்கிச் சாக்கடையில் தட்டினாள்.

ஆறு நாள் தாங்கியது. ஏழாம் நாள், வாணலி கொதி உச்சத்தில் இருக்கும்போது வெட்டு விழுந்தது. ஒன்றல்ல, நாலைந்து தொடர்ந்தாற்போல. தரை சாய்ந்தது. பிடிக்கப்போன இடத்தில் வாணலி விளிம்புதான் இருந்தது. குருவம்மாள் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து இழுக்காவிட்டால் அவள் பாலுக்குள் விழுந்திருப்பாள். கை மட்டும் வழுக்கிப் பாலுக்குள் போய் முழங்கைவரை தோல் வழன்றது. தண்ணீர்க் குழாயடியில் கையைக் காட்டிக்கொண்டு விஜி கத்தினாள். கையை நினைத்துக் கத்தவில்லை.

“அவ செயிச்சுட்டாக்கா. எனக்கு நாள் இல்ல.”

“எவட்டி நாள் வச்சது? அவதான வச்சா? அவ வச்ச நாளுக்கு நீ எதுக்கு ஓடுத?” என்றாள் குருவம்மாள். “போன வருசம் நிறுத்துன்னா, நிறுத்தின. இந்த வருசம் இந்தத் தேதிக்குள்ள நிறுத்துன்னா, நிறுத்துத. ரெண்டு தடவையும் அவ சொன்னதத்தான் செஞ்சிருக்க. இதுல நீ எங்குட்டு இருக்க பழிவாங்க?”

அடுத்த வியாழக்கிழமை விஜி டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டாள். அவர் அளவைச் சற்று மேலே ஏற்றி, அங்கேயே ஆறு வாரம் நிறுத்தி, பிறகுதான் இறக்க ஆரம்பித்தார்.

புரட்டாசி வந்தது. மூன்றாம் சனிக்கிழமை மலைக்குப் போய்விட்டு, பரிபூரணம் வீட்டில் பெருமாளுக்குத் தளிகை போடுவார்கள். அந்த வீட்டில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு மூத்தவள் தன் கையால்தான் பரிமாற வேண்டும். இலையில் உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் எழுப்பக் கூடாது. கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. வேண்டாதவன் வந்து உட்கார்ந்தாலும் அன்றைக்கு அவன் பெருமாள். பரிபூரணத்தின் மாமியார் வைத்துவிட்டுப் போன முறை அது. பரிபூரணம் அதைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுவாள்.

விஜி பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தாள். ஹாலில் இரண்டு வரிசையாக இலை போட்டிருந்தது. இருபது பேருக்குக் குறையாது. வைகுண்டராஜ் கடைசி இலையில் இருந்தான். நெற்றியில் நாமம் போட்ட கார்த்திகா தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவள் அம்மாவைப் பார்த்ததும் சொம்போடு நின்றுவிட்டாள். பரிபூரணம் பட்டுச்சேலையில் கரண்டியும் வாளியுமாக நிமிர்ந்தாள்.

“என்ன விஜி, விட்டாச்சா?”

“இல்ல மைனி. இன்னும் முப்பத்திரெண்டு குருணை இருக்கு.”

யாரோ உச்சுக்கொட்டினார்கள். பேச்சு பேச்சாக இருக்க வேண்டுமில்லையா என்று பரிபூரணம் பொதுவாகச் சபையைப் பார்த்துச் சொன்னாள்.

“பேச்சுக்கு வரல. எல போட்டிருக்கியளே, சாப்பிட வந்தேன்” என்று சொல்லிவிட்டு விஜி ஆள் இல்லாத ஓர் இலையில் உட்கார்ந்தாள். முழங்கையில் வெந்த தழும்பு எல்லோருக்கும் தெரிந்தது. அவள் மறைக்கவில்லை. காலையில் வேண்டுமென்றே சாப்பிடாமல் வைத்திருந்த கேப்சூலை இடுப்பிலிருந்து எடுத்தாள். தோலைப் பிரித்து, எண்ணி வைத்திருந்த குருணையை, இலையில் முன்பே பரிமாறியிருந்த தயிர்சாதத்தின் மேல் தட்டினாள். வெறும் தோலை இலைக்கு வெளியே, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வைத்தாள்.

“போன வருசம் புரட்டாசி மூணாந்தேதி டாக்டர் நர்சுக்குப் போன் பண்ணினிய மைனி. நிறுத்தவே கூடாது, தோல எடுத்துட்டு இப்பிடிச் சோத்துல வச்சுக் குடுங்கன்னு அந்தப் பிள்ள சொல்லுச்சு. நோட்டுல எழுதிருக்கு. நான் பாத்தேன்.”

பரிபூரணம் வாளியைக் கை மாற்றினாள். “யார் யாரோ என்னென்னமோ சொல்லுவாவ. எனக்கு எங்க ஞாபகம்?”

“அதுக்கப்புறந்தான் நானும் ஒங்களுக்குப் போன் பண்ணி அழுதேன். பேய் எறங்குதுன்னு சொன்னிய. அதுவும் ஞாபகம் இல்லையா?”

சபையில் ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை. அப்போது கடைசி இலையிலிருந்து, இந்த வீட்டில் இதுவரைக்கும் யாரும் கேட்டிராத ஒரு குரல் வந்தது. அது வைகுண்டராஜின் குரல்.

“அக்கா. நர்சு சொன்னாங்களா, இல்லையா?”

பரிபூரணம் தம்பியைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பெருமாள் படத்துக்கு முன்னால், விரத நாளில், பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. அவள் பக்தி உண்மையான பக்திதான். அதுதான் அவளை அன்றைக்குக் கவிழ்த்தது. “பிள்ள எங்கிட்ட கொஞ்ச நாளு இருக்கட்டும்னு நெனச்சேன்டா” என்றாள்.

விஜி அந்த ஒரு வாய்த் தயிர்சாதத்தை எடுத்து, மெல்லாமல், எல்லோரும் பார்க்க முழுங்கினாள். பிறகு மகளைப் பார்த்துத் திரும்பினாள்.

“கார்த்திகா, ஒன்ன அடிச்சது நான்தான். மாத்திர மேல பழி போடமாட்டேன், அத்தை மேலயும் போடமாட்டேன். கை என்னோடது.”

பிள்ளை புருவத் தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டது: “இன்னும் அடிப்பியா?”

“கோவம் வரும். அடிக்கமாட்டேன். இன்னும் கொஞ்ச நாளைக்கு மாத்திர உண்டு. அதுவும் ஒனக்குத் தெரியணும். வாரதும் இருக்குறதும் ஒன் இஷ்டம்.”

கார்த்திகா சொம்பைத் தரையில் வைத்தாள். அத்தையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். உள் அறைக்குப் போய்விட்டாள். அழப்போகிறதோ, தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளப் போகிறதோ என்று விஜி காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். அப்புறம் பீரோக் கதவு கிறீச்சிட்டது. புத்தகங்களை மொத்தமாகத் தூக்கிப் பைக்குள் போடும் சத்தம் கேட்டது. பரிபூரணத்துக்கும் கேட்டது. அவள் கால் தானாக அறைப்பக்கம் திரும்பியது.

“மைனி” என்று கூப்பிட்டாள் விஜி. “சாம்பார் ஊத்துங்க.”

இலையில் இருப்பவர் கேட்டுவிட்டார். பரிபூரணம் திரும்பி வந்து குனிந்தாள். கண் அறைப்பக்கமே இருந்ததில் பாதி சாம்பார் இலைக்கு வெளியே சிந்தியது. அறைக்குள் இழுப்பறையைத் திறந்து மூடும் சத்தம். “கூட்டும் வைங்க” என்றாள் விஜி. வைத்தாள். “பொங்கல்.” வைத்தாள். பரிபூரணத்தின் கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து நின்றது. துடைக்க இரண்டு கையிலும் இடமில்லை. வயிறு முட்டிவிட்டது விஜிக்கு. பசியே இல்லாமல்தான் வந்திருந்தாள். ஆனாலும் ஒவ்வொரு வாயையும் நிதானமாகப் பிசைந்து நிதானமாகத் தின்றாள். பிள்ளை துணியெல்லாம் எடுத்து வைத்து முடிக்க நேரம் வேண்டுமே.

“இன்னும் கொஞ்சம் புளியோதரை, மைனி.”

பரிபூரணம் குனிந்து போட்டாள். போதும் என்று சொல்ல நினைப்பவர்கள் இலைக்கு மேலே கையை மறிப்பார்கள். விஜி கையை மறிக்கவே இல்லை.